இரவல் கவசம்

லப்பைக்குடிக்காட்டில் எனக்கு ஒரு சிநேகிதர் இருக்கிறார். பெயின்ட் கடை வைத்திருக்கிறார். எல்லோரும் அவரை 'பாய்' என்று கூப்பிடுகிறார்கள். அந்த ஊர்க் கடைத்தெருவில் நின்று அப்படிக் கூப்பிட்டால் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனாலும் நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். இந்தக் கட்டுரையிலும் அவர் பாயாகவே இருக்கட்டும்.

வெள்ளாற்றின் தென்கரையில் இருக்கிற ஊர் அது. 1995 வரையில் திருச்சி ஜில்லா. பிறகு பெரம்பலூர் ஜில்லா. ஜில்லா மாறினாலும் ஊரின் சுபாவம் மாறவில்லை. ஆண்பிள்ளைகள் கடல் கடந்துபோய்ச் சம்பாதிப்பார்கள். பெண்டுகளும் கிழவர்களும் ஊரைக் காப்பார்கள். ஆற்றில் பல மாதங்கள் மணல்தான் ஓடும். பணம் மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வரும். வீட்டுக்கு வீடு முன்கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. பீங்கான் கோப்பைகள், அத்தர் புட்டிகள், இரட்டைக் கோபுர பொம்மை, ஒட்டகப் பொம்மை. அலமாரியைப் பார்த்தே, வீட்டுக்காரர் எந்தத் தேசத்தில் எத்தனை வருஷம் தேய்ந்தார் என்று சொல்லிவிடலாம்.

பாய் வீட்டு அலமாரியில் பதினோரு ஹெல்மெட்டுகள் இருந்தன.

மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் ஹெல்மெட்தான். ஆனால் நம் கடைகளில் தொங்கும் சாதாரணச் சட்டி அல்ல. உலகப் பந்தயங்களில் ஓடிப் பேர் வாங்கிய வீரர்கள் என்ன வர்ணத்தில், என்ன சித்திரத்தோடு அணிந்தார்களோ, அதே வர்ணத்தில் அதே சித்திரத்தோடு கம்பெனிகள் நகல் செய்து விற்கின்றன. இத்தாலியில் ஏ.ஜி.வி., ஜப்பானில் அராய், ஷோயி. ஒவ்வொன்றின் விலைக்கும் நம்மூரில் ஓடுகிற நிலையில் ஒரு பழைய வண்டியே வாங்கிவிடலாம். பாயின் மனைவி பவுன் கணக்கில்தான் பேசினார். "அந்த மேல்தட்டு மட்டும் ஏழு பவுனுண்ணே" என்றார், காப்பியை நீட்டிக்கொண்டே. பாயின் தாயாருக்கோ கணக்கெல்லாம் வேண்டியிருக்கவில்லை. 'இஸ்ராஃப்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். வீண்விரயம் என்று அர்த்தம்.

ஒரு கல்யாணத்துக்காகப் போயிருந்தேன். விருந்து முடிந்து, பிற்பகல் வெயில் தணியட்டும் என்று பாயின் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிரே பதினோரு தலைகள். தலை என்று சொல்வதா, தலையில்லாத முகங்கள் என்று சொல்வதா? முகம் இருக்கவேண்டிய இடத்தில் இருட்டு. அதைச் சுற்றிப் பளபளவென்று வர்ணம். மனிதர் ஒருவருமே இல்லாத சபை ஒன்று என்னைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

பேனா பிடிக்கிறவனுக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. யாராவது எதையாவது சேர்த்து வைத்திருந்தால், உடனே அதற்கு உள்ளர்த்தம் கண்டுபிடித்துவிடுவான். நானும் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்ததை வாயில் வைத்துக்கொள்ளாமல் சொல்லியும்விட்டேன். "பாய், இன்னொருத்தன் உயிரைப் பணயம் வைச்சுச் சம்பாதிச்ச வீரத்தை நீங்க காசு கொடுத்து வாங்கி அலமாரியில வைச்சிருக்கீங்க. இது ஒரு மாதிரித் திருட்டு இல்லையா?"

பாய் கோபித்துக்கொள்ளவில்லை. "உங்க வீட்டு அலமாரியில டால்ஸ்டாய் இருக்கே, அண்ணே?" என்றார்.

"அதை நான் படிக்கிறேனே."

"எல்லாத்தையுமா?"

இந்தக் கேள்விக்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லப்போவதில்லை.

ஆனால் கேள்வி என்னை விடவில்லை. நகல் என்றால் ஏன் நமக்கு இளப்பமாகத் தோன்றுகிறது? இருபத்துமூன்று வயதில் நான் எழுதிய ஒரு கதை நினைவுக்கு வந்தது. அப்போது நான் தெய்வமாக மதித்த ஒரு நாவலாசிரியரின் நடையில், அவருடைய காற்புள்ளி அரைப்புள்ளிகூடத் தவறாமல் எழுதியிருந்தேன். பத்திரிகையில் வெளிவந்தது. ஒரு வாசகர் தபால் கார்டு போட்டார்: அவர் எழுதியது என்று எண்ணிக்கொண்டே கடைசிவரை படித்தேன், பிறகுதான் பெயரைப் பார்த்தேன் என்று. அந்தக் கார்டை எத்தனை வருஷம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன்! அது பாராட்டல்ல என்று எனக்கு உறைக்கவே பல வருஷம் ஆயிற்று. ஆகவே, நகலைப் பழிப்பதற்கு எனக்கு யோக்கியதை குறைவு.

தவிர, அசல் என்று நாம் நினைப்பது மட்டும் அசலா? கிரஹாம் ஹில் என்று ஓர் ஆங்கிலேயர் இருந்தார். மோட்டார் கார்ப் பந்தயத்தில் 1962-லும் 1968-லும் உலகச் சாம்பியன். கருநீல ஹெல்மெட்டில் வரிசையாக வெள்ளைப் பட்டைகள் அவருடைய அடையாளம். அந்தப் பட்டைகள் துடுப்பின் அலகுகள். அவர் வாலிபத்தில் படகு வலித்த லண்டன் ரோயிங் கிளப்பின் சின்னம் அது. படகுத் துறையில் கற்ற விடாப்பிடியைப் பந்தயச் சாலைக்கும் தலையில் சுமந்துகொண்டு வந்தார் என்று வைத்துக்கொள்ளலாம். 1975-ல் விமான விபத்தில் இறந்தார். மகன் டேமன் ஹில் அதே துடுப்புகளைத் தன் ஹெல்மெட்டில் வரைந்துகொண்டு ஓட்டி, 1996-ல் தானும் சாம்பியனானார். தகப்பன் ஒரு சங்கத்திடம் இரவல் வாங்கியதை மகன் தகப்பனிடம் இரவல் வாங்கினான். இதில் யார் திருடன்?

இந்த வர்ணங்கள் பெருகியதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது. முகம் முழுவதையும் மூடுகிற ஹெல்மெட் வந்தபிறகு, வேகமாகப் பறக்கிறவன் யார் என்று பார்க்கிறவனுக்குத் தெரியவேண்டாமா? முகத்தை மறைத்த பொருளே முகமாக வேண்டியிருந்தது. வாலன்டினோ ரோஸி என்ற இத்தாலியர் சூரியனையும் சந்திரனையும் தலையில் வரைந்துகொண்டார். ஆல்டோ ட்ரூடி என்ற சித்திரக்காரர் அவருக்கு வரைந்து கொடுப்பார். 2008-ல் முஜெல்லோ பந்தயத்துக்கு ஒரு விளையாட்டுச் செய்தார்கள்: ரோஸி பயந்து வாய்பிளந்து அலறுகிற முகத்தையே ஹெல்மெட்டின் உச்சியில் வரைந்தார்கள். குனிந்து ஓட்டும்போது அந்த முகம் நேரே பார்க்கும். அத்தனை வேகத்தில் பிரேக் பிடிக்கும்போது உள்ளே இருக்கிற முகம் அப்படித்தான் இருக்கும் என்பது தாத்பரியம். இதைப் பாய் வாங்கவில்லை. "தொழுகிற வீட்டுல முகம் வேணாம்ணே" என்றார். சூரியனும் சந்திரனும் போதும் அவருக்கு.

பிறர் கவசத்தை மாட்டிக்கொள்வதில் ஓர் அபாயம் இருக்கிறது என்று உலகத்துக்கு முதலில் சொன்னவன் ஹோமர் என்று நினைக்கிறேன். அக்கிலீஸ் கோபித்துக்கொண்டு கூடாரத்தில் உட்கார்ந்துவிடுகிறான். அவனுடைய உயிர்ச் சிநேகிதன் பட்ரோக்ளஸ், அவனுடைய கவசத்தை இரவல் வாங்கி அணிந்துகொண்டு போருக்குப் போகிறான். எதிரிகள் அக்கிலீஸே வந்துவிட்டான் என்று எண்ணி ஓடுகிறார்கள். வந்த காரியம் முடிந்துவிட்டது, திரும்பியிருக்கலாம். அப்படித்தான் அக்கிலீஸும் சொல்லி அனுப்பியிருந்தான். ஆனால் எதிரிகள் நம்பியதை இவனும் நம்பத் தொடங்கிவிட்டான். கோட்டைச் சுவர்வரை போனான். அப்போலோ தேவன் பின்னாலிருந்து அடித்த அடியில் முதலில் கழன்று விழுந்தது ஹெல்மெட். குதிரைகளின் காலடியில், புழுதியில் உருண்டது. அப்புறம் ஆள் விழுந்தான்.

இதைப் பாயிடம் சொன்னேன். கதை சொன்ன திருப்தியில் நான் இருந்தேன். பாயின் முகம் மாறிவிட்டது. எழுந்துபோய் அலமாரியைத் திறந்து, நடுத்தட்டிலிருந்து ஒரு ஹெல்மெட்டை இரண்டு கையாலும் எடுத்து வந்தார். 58 என்ற எண் அதில் இருந்தது.

"இதுவும் அப்படிக் கழன்டு உருண்டதுதாண்ணே. நான் பார்த்தேன்."

பாய் ஒன்பது வருஷம் மலேசியாவில் இருந்தவர். கோலாலம்பூரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் செப்பாங் என்ற இடத்தில் 1999-ல் பெரிய பந்தயச் சாலை ஒன்று கட்டினார்கள். 2011 அக்டோபர் 23, ஞாயிற்றுக்கிழமை. தீபாவளிக்கு மூன்று நாள். கடையில் நிற்க நேரமில்லாத சமயம். முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி அரைநாள் லீவு வாங்கிக்கொண்டு, இரண்டு சிநேகிதர்களோடு பந்தயம் பார்க்கப் போயிருக்கிறார். ஊரை விட்டுப் போனபிறகு தமக்காக என்று அவர் செலவழித்த முதல் நாள் அதுதானாம்.

மார்கோ சிமோன்செல்லி என்ற இத்தாலியப் பையன். இருபத்துநான்கு வயது. பரட்டையாய்ச் சுருட்டை மயிர், சிரித்த முகம். 2008-ல் 250 சி.சி. பிரிவில் சாம்பியன். பந்தயம் ஆரம்பித்து இரண்டாவது சுற்றில் வளைவில் சரிந்தான். வெளியே சறுக்கிப் போயிருந்தால் பிழைத்திருப்பான். டயருக்குப் பிடி கிடைத்து, வண்டி அவனோடு பாதைக்குள்ளேயே திரும்பியது. பின்னால் வந்தவர்களால் தவிர்க்க முடியவில்லை. ஒருவர் காலின் எட்வர்ட்ஸ்; இன்னொருவர் ரோஸி. சிமோன்செல்லிக்கு அண்ணன்போல் இருந்த அதே ரோஸி. ஹெல்மெட் கழன்று தனியே உருண்டது. பந்தயத்தை நிறுத்தினார்கள், பிறகு ரத்தே செய்துவிட்டார்கள். பையன் இறந்துவிட்டான்.

"கொஞ்ச நேரம் யாருக்கும் ஒண்ணும் தெரியலண்ணே. அப்புறம் தெரிஞ்சிருச்சு. சனம் மெதுவா எழுந்து போக ஆரம்பிச்சிருச்சு. நான் ராத்திரி வந்து பரோட்டா போட்டேன்."

அடுத்த வருஷம் அவனுடைய வர்ணத்து ஹெல்மெட்டை விலைக்கு விற்றபோது பாய் வாங்கினார். அதுதான் முதல் ஹெல்மெட். அதன் பக்கத்தில் வைப்பதற்காக ரோஸியின் சூரியனும் சந்திரனும். அப்புறம் ஒன்றொன்றாகப் பதினொன்று. அவற்றில் ஒன்றைக்கூட அவர் தலையில் மாட்டிக்கொண்டதில்லை. நான் திருட்டு என்று சொன்னது இதைத்தான்!

இத்தாலியில் மிசானோ என்ற ஊரின் பந்தயச் சாலைக்கு அந்தப் பையனின் பெயரை வைத்திருக்கிறார்கள். உலகப் பந்தயத்தின் உச்சப் பிரிவில் இனி யாரும் 58 என்ற எண்ணைப் போடக்கூடாது என்று 2016-ல் விலக்கி வைத்துவிட்டார்கள். நம்முடைய பழைய தமிழர்களும் போரில் விழுந்தவனுக்குக் கல் நட்டார்கள். அவனுடைய பெயரைப் பொறித்தார்கள். வேலையும் கேடயத்தையும் அந்தக் கல்லைச் சுற்றி நட்டார்கள். ஆயுதத்தை நிலத்தில் நட்டுவிட்டால் அது இனி யாருக்கும் ஆயுதமல்ல; ஞாபகம். பாயின் அலமாரியும் ஒரு நடுகல்தான் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் ஒரு வித்தியாசத்தையும் சொல்லவேண்டும். நடுகல்லை வைத்தவர்கள் விழுந்தவனை அறிந்தவர்கள். அவன் மீட்டுக்கொடுத்த மாட்டின் பாலைக் குடித்தவர்கள். இந்தக் கல்லோ அச்சில் வார்த்து, பெட்டியில் அடைத்து, ரசீது போட்டு, பல தேசங்களுக்கு அனுப்பப்பட்டது.

வர்ணத்தில் என்னதான் அகப்படுகிறது? பாயின் மேல்தட்டில் மஞ்சளில் கறுப்புப் பட்டை போட்ட ஒன்று உண்டு. ஜோயி டன்லப் என்ற வட அயர்லாந்துக்காரருடையது. ஐல் ஆஃப் மேன் தீவில் ஊர்ச் சாலைகளிலேயே நடக்கிற அந்தப் பொல்லாத பந்தயத்தில் 26 முறை ஜெயித்தவர். அந்தக் கணக்கை 2024-ல்தான் அவருடைய தம்பி மகன் மைக்கேல் தாண்டினார். ஜோயி டன்லப் 2000 ஜூலையில் எஸ்டோனியாவில் பந்தயத்தில் அடிபட்டு இறந்தார். இந்த மனிதர் பந்தயம் இல்லாத நாட்களில் என்ன செய்தார் தெரியுமா? தம்முடைய வேனில் துணிமணி, சாப்பாட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு, தாமே ஓட்டிக்கொண்டு, ருமேனியாவிலும் போஸ்னியாவிலும் இருந்த அநாதைக் குழந்தைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தச் சேவைக்காக 1996-ல் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் விருதுகூட வந்தது. அவருடைய ஹெல்மெட்டுக்கு நகல் உண்டு, கடையில் கிடைத்தது. அந்த வேனுக்கு நகல் செய்து யாரும் விற்கவில்லை. விற்றால் வாங்குவதற்கு ஆள் இருப்பார்களா என்றும் தெரியவில்லை.

இவ்வளவு நேரமும் அலமாரியின் கீழ்த்தட்டை நான் சரியாகப் பார்க்கவில்லை. அங்கே ஒரு வெள்ளைத் துவாலைக்குள் என்னவோ மூடியிருந்தது. பன்னிரண்டாவது. நானாகக் கேட்கவில்லை. பாய்தான் துவாலையை விலக்கினார்.

சாலையோரங்களில் கம்பு நட்டு, கயிறு கட்டி விற்பார்களே, அந்த ரகம். 46 என்ற ரோஸியின் எண்ணும், கோணலாக ஒரு சூரியனும் ஸ்டிக்கராக ஒட்டியிருந்தன. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஸ்டிக்கர்தான். முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கக்கூடாது என்று 2021 ஜூன் முதல் தேதியிலிருந்து சட்டம் இருக்கிறது. முத்திரையையே ஒட்டிவிட்டால் சட்டம் என்ன செய்யும்? அந்த ஹெல்மெட் நெற்றியிலிருந்து பிடரிவரை இளநீர் மட்டைபோல் பிளந்திருந்தது.

பாயின் தம்பி மகனுடையது. தம்பி சவூதியில் இருக்கிறார். பையனுக்குப் பத்தொன்பது வயது. புது வண்டி வாங்கியதும் பெரியத்தாவிடம் வந்து, "ஒண்ணே ஒண்ணு கொடுங்க பெரியத்தா, ரோஸியோடது" என்று கேட்டிருக்கிறான். பாய் முடியாது என்றுவிட்டார். பையன் மறுபடி கேட்கவில்லை. சாலையோரத்தில் அறுநூறு ரூபாய்க்குத் தன் ரோஸியை வாங்கிக்கொண்டான். மூன்றாம் மாதம் திருச்சி நெடுஞ்சாலையில் விழுந்தான். உயிர் தப்பியது. இடது காது போய்விட்டது.

"நீங்க கொடுத்திருந்தா..." என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"கொடுத்திருந்தாலும் சரியா வந்திருக்காதுண்ணே" என்றார் பாய். பிறகு எனக்கு விளக்கினார். அவர் சொன்னதை நானும் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

ஹெல்மெட்டின் உயிர் வெளியோட்டில் இல்லை. வெளியோடு அடியைப் பரப்பிக் கொடுக்கும், அவ்வளவுதான். உள்ளே தெர்மாக்கோல்போல் ஒரு வார்ப்பு இருக்கிறது. அடி விழும்போது அது நசுங்கி, அந்த அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது. ஒரே ஒரு முறைதான். நசுங்கியது மறுபடி நிமிராது. வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே செத்திருக்கும். தலையின் மரணத்தைத் தான் ஏற்றுக்கொள்வதற்கென்றே பிறந்த பொருள் அது. சரி, அடியே படாமல் பத்திரமாக வைத்திருந்தால்? அதுவும் கூடாது. பசையும் வாரும் உட்பஞ்சும் காலத்தில் தளர்ந்துவிடும். 1956-ல் பந்தயத்தில் இறந்த பீட் ஸ்நெல் என்பவரின் நினைவாக அவருடைய சிநேகிதர்கள் 1957-ல் அமெரிக்காவில் ஒரு ஸ்தாபனம் தொடங்கினார்கள். ஹெல்மெட்டுகளைச் சோதிப்பதுதான் அதன் வேலை. ஐந்து வருஷத்துக்கொரு முறை மாற்றிவிடுங்கள் என்பது அவர்கள் சொல்லும் யோசனை. ஆகவே பாயின் அலமாரியில் இருக்கிற பதினொன்றும் இப்போது ஹெல்மெட்டுகளே அல்ல. வர்ணம் இருக்கிறது, காவல் போய்விட்டது.

இந்தப் பொருள் கட்டாயமானதன் கதையே ஒரு சாவிலிருந்துதான் தொடங்குகிறது என்று சொல்லவேண்டும். அரேபியா லாரன்ஸ் என்று பெயர் வாங்கிய ராணுவ அதிகாரி 1935 மே மாதம் இங்கிலாந்தில் ஒரு கிராமத்துச் சாலையில் மோட்டார் சைக்கிளில் போனார். சைக்கிளில் வந்த இரண்டு பையன்கள்மேல் மோதாமல் ஒடித்தபோது விழுந்தார். தலையில் ஒன்றும் இல்லை. ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். அவரைப் பார்த்த வைத்தியர்களில் ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்று ஒரு மூளை நிபுணர் இருந்தார். அந்தச் சாவை அவரால் மறக்க முடியவில்லை. மோட்டார் சைக்கிளில் தலை அடிபட்டவர்களை வருஷக்கணக்காக ஆராய்ந்து 1941-ல் கட்டுரை எழுதினார். ராணுவத்தில் தபால் கொண்டுபோகிற வண்டியோட்டிகளுக்கு ஹெல்மெட் கட்டாயமாயிற்று. லாரன்ஸின் ஞாபகத்தை அந்த வைத்தியரும் பத்திரப்படுத்தித்தான் வைத்தார். ஆனால் பிறர் தலையில் வைத்தார்.

"அப்போ நீங்க மாட்டேன்னு சொன்னது நியாயம்தானே, பாய்? பழசைக் கொடுத்து ஏமாத்தாம இருந்தீங்க."

நான் ஆறுதலாகத்தான் சொன்னேன். பாய் ஹெல்மெட்டைத் துவாலையால் மூடினார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "இந்த அஞ்சு வருஷக் கணக்கெல்லாம் எனக்கு அப்பத் தெரியாதுண்ணே. அவன் ஆஸ்பத்திரியில கெடந்தப்பத்தான் படிச்சேன். அன்னிக்கு முடியாதுன்னு சொன்னது, கீறல் விழுந்துரும்னுதான்."

இதுதான் நான் எழுதவந்த விஷயம். நான் கேட்காமலே, தம்முடைய நல்ல காரணத்தைத் தாமே உதறிப் போட்டுவிட்டார் அந்த மனிதர். நாமெல்லாம் அப்படியா செய்கிறோம்? செய்கையை ஆசையோ அச்சமோ கஞ்சத்தனமோ முதலில் செய்துமுடித்துவிடுகிறது. நியாயம் பின்னாலே மூச்சுவாங்க ஓடிவந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொள்கிறது. நாளடைவில் அது முதலிலிருந்தே அங்கே உட்கார்ந்திருந்ததாக நாமும் நம்பிவிடுகிறோம். பாய் கொடுக்காதது சரியான செய்கை. அந்தச் சரியில் அவருக்குப் பங்கு இல்லை. கொடுத்திருந்தால் அது அன்பான செய்கை. அந்த அன்பு பையனைக் காத்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒருவேளை அந்தப் பழைய அசல், இந்தப் புதுப் போலியைவிடக் கொஞ்சம் மேலாகத் தாங்கியிருக்கலாம். தாங்காமலும் போயிருக்கலாம். இந்த இரண்டு 'லாம்'களுக்கு நடுவில் ஒரு மனிதர் தினமும் கடை திறந்து பெயின்ட் கலக்கிக்கொண்டிருக்கிறார்.

அவர் 'தெரிந்தேதான் மறுத்தேன்' என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன், ஊரும் நம்பியிருக்கும். தம்பி மனைவிகூட நம்பியிருப்பாள். அந்தப் பெண் அந்தக் கூடத்துக்குள் வருவதில்லை என்று பாயின் மனைவி பிறகு என்னிடம் சொன்னார். கல்யாணத்தன்றுகூடப் புறவாசல் வழியாகத்தான் வந்து போனாளாம்.

ஏன் இவற்றை விற்றுவிடக்கூடாது என்று கேட்டேன். வாங்குவதற்கு ஆள் இருக்கிறது. நல்ல விலைக்கே கேட்கிறார்களாம். "வாங்குறவன் மாட்டிக்கிட்டு ஓட்டுவாண்ணே. வர்ணத்தை நம்பி வேகமாப் போவான்" என்றார். பட்ரோக்ளஸின் கதையை நான் சொல்லித் தெரிந்துகொள்ளவேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை. விற்கவும் முடியாமல், கொடுக்கவும் முடியாமல், பார்க்கவும் முடியாமல் பதினோரு தலைகளையும் ஒரு பிளவையும் காத்துக்கொண்டிருக்கிறார். சேர்ப்பது ஆனந்தம் என்று சொல்லுகிறவர்கள் ஒரு முறை அந்தக் கூடத்தில் உட்கார்ந்து பார்க்கவேண்டும்.

நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். பெரம்பலூரிலிருந்து நான் வந்தது என்னுடைய பழைய மோட்டார் சைக்கிளில். பாய் வாசல்வரை வந்தார். வண்டியின் கண்ணாடிக் கம்பியில் என் ஹெல்மெட் தொங்கிக்கொண்டிருந்தது. வரும்போதும் அது அங்கேதான் தொங்கியது. வெயில், புழுக்கம், பக்கத்தூர்தானே... என்னிடமும் நியாயங்களுக்குப் பஞ்சமில்லை. பாய் அதைக் கழற்றி, உள்பக்கம் விரலால் விலக்கி, ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார்.

"2015, அண்ணே."

அந்த வருஷம் ஜூலை முதல் தேதியிலிருந்து ஹெல்மெட் கட்டாயம் என்று சென்னை ஹைகோர்ட்டில் உத்தரவு ஆயிற்று. ஜூன் கடைசியில் கடைக்குக் கடை கூட்டம். அந்த நெரிசலில் நானும் ஒன்றை வாங்கினேன். போலீஸைக் கண்டால் தலைக்கு ஏறும். மற்ற நேரம் கம்பியில் தொங்கும். கீறல் இல்லாமல் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன்.

"இது என் அலமாரிக்கு வரவேண்டியதுல்ல?" என்று பாய் சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அது ஒன்றுதான். பிறகு உள்ளே திரும்பி, தம்பி வீட்டுப் பக்கம் பார்த்துப் பையனைக் கூப்பிட்டார். இரண்டு முறை கூப்பிடவேண்டியிருந்தது.

பையன் வந்தான். மெலிந்த பிள்ளை. விபத்துக்குப் பிறகு பாய் அவனுக்கென்று ஒரு வெள்ளை ஹெல்மெட் வாங்கிக் கொடுத்திருக்கிறார். எண்ணும் இல்லை, சூரியனும் இல்லை, ஒன்றுமில்லாத வெறும் வெள்ளை. அவன் அம்மா வண்டிச் சாவியை எடுத்து வைத்துக்கொண்டுவிட்டதால் அது சும்மாதான் இருக்கிறது. "அண்ணனுக்குக் கொடுப்பியா? திருப்பி அனுப்பிச்சுருவாரு" என்று கேட்டார் பாய். பையன் வலது காதை எங்கள் பக்கம் திருப்பிக் கேட்டுக்கொண்டான். ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய் எடுத்து வந்தான்.

எனக்கு வாரைப் பூட்டத் தெரியவில்லை, பழக்கமில்லாத பூட்டு. அவனே கிட்ட வந்து, என் தாடையை லேசாக நிமிர்த்தி, வாரை இழுத்துப் பூட்டினான். இரண்டு விரல் நுழைகிறதா என்று விட்டுப் பார்த்தான். நுழைந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்து இறுக்கினான்.